பூனையின் நீர்க்கடுப்பு



நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இன்னதென்று கேட்டதும் உங்களுள் சிலர் நகைத்திருப்பீர்கள். பால் தரும் பசுவையும் ஏர் இழுக்கும் எருதையும் விட்டுவிட்டுப் பூனையின் சிறுநீரைப் பற்றியா ஒரு கால்நடை மருத்துவர் வானொலியில் பேசுவது என்று தோன்றுவது இயல்பே. மாணவனாக இருந்தபோது நானும் அப்படித்தான் எண்ணினேன். அந்த எண்ணத்திற்கு ஓர் உயிர் விலையாயிற்று. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் பணியில் சேர்ந்த முதல் ஆண்டு. ஒரு மாலைப் பொழுதில் மூதாட்டி ஒருவர் தம் பேரனுடன் வந்தார். பேரன் தலையில் மூங்கிற்கூடை; கூடைக்குள் பழுப்பு நிறக் கடுவன் பூனை ஒன்று. "தம்பி, இரண்டு நாளாக இதற்கு வெளிக்குப் போகவில்லை. மூலைக்கு மூலை குந்திக்கொண்டு முக்குகிறது. ஒன்றும் வரக் காணோம். விளக்கெண்ணெய்கூடக் கொடுத்துப் பார்த்துவிட்டேன்" என்றார். அவர் கண்டதைக் கண்டபடியே சொன்னார். அவர் மேல் பிழை இல்லை. நானோ அவர் கூறிய அடையாளத்தையே நோயின் பெயராக எடுத்துக்கொண்டேன். பூனையின் வயிற்றைத் தொட்டேன். ஆனால் விரல்கள் சொன்னதைக் கேட்கவில்லை. மலம் இளகுவதற்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டேன். மறுநாட் காலையில் பேரன் மட்டும் வந்தான். கூடை கொண்டுவரவில்லை. "ராத்திரி செத்துப்போச்சு, டாக்டர் ஐயா. என்ன நோய் என்று பாட்டி கேட்டுவரச் சொன்னாங்க" என்றான். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. இன்று உண்டு.

அந்தப் பூனைக்கு மலம் கட்டவில்லை, சிறுநீர் கட்டியிருந்தது. இரண்டிற்கும் பூனை ஒரே மாதிரியாகத்தான் குந்தும். ஒரே மாதிரியாகத்தான் முக்கும். பார்ப்பவர் மயங்குவது எளிது. மயக்கத்தின் விலைதான் பெரிது.

பூனையின் உடலில் சிறுநீர் செல்லும் வழியை மேற்பாதை, கீழ்ப்பாதை என இரண்டாகப் பிரிப்பது வழக்கம். இரண்டு சிறுநீரகங்களும் அவற்றிலிருந்து இறங்கும் இரண்டு மெல்லிய நாளங்களும் மேற்பாதை. நீரைத் தேக்கி வைக்கும் சிறுநீர்ப்பையும், அதிலிருந்து உடலுக்கு வெளியே செல்லும் ஒற்றைக் குழாயும் கீழ்ப்பாதை. நான் பேசப்போவது கீழ்ப்பாதையைப் பற்றியே. பெட்டைப் பூனையில் அந்த வெளிக்குழாய் குட்டையானது, சற்றே அகன்றது. கடுவனிலோ அது நீளமானது. நுனிக்கு வரவர ஒடுங்கி, உட்புற அகலம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்துவிடுகிறது. நோய் இரு பாலுக்கும் பொது. ஆனால் அடைத்துக்கொண்டு சாவது பெரும்பாலும் கடுவனே என்பதற்கு இந்த ஒடுக்கமே காரணம்.

நம் வழக்கில் நீர்க்கடுப்பு என்றும் நீரடைப்பு என்றும் இரண்டு சொற்கள் உண்டு. நீர் எரிச்சலோடு சொட்டுச் சொட்டாக இறங்குவது கடுப்பு; இறங்காமலே நின்றுவிடுவது அடைப்பு. மருத்துவ நூல்கள் எத்தனை பெயர்களைச் சூட்டினாலும், வீட்டிலிருப்பவருக்கு முதலில் வேண்டிய பாகுபாடு இதுதான். கடுப்பு வந்த பூனை அடிக்கடி குந்தும். ஒவ்வொரு முறையும் சிறிது நீர், சில வேளைகளில் இரத்தம் கலந்த நீர், வெளிப்படும். குந்தும்போது கத்தும்; பின்பு அவ்விடத்தை ஓயாமல் நக்கும். வழக்கமான மண்ணையோ மணல் தட்டையோ விட்டுவிட்டுக் குளிர்ந்த சிமெண்டுத் தரையிலும் குளியலறையிலும் நனைத்துவைக்கும். அதனைத் திமிர் என்று எண்ணி அடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். மணலில் குந்தும்போதெல்லாம் வலித்தால், அந்த மணலே வலியைத் தருவதாக அது எண்ணிக்கொள்ளாதா?

அடைப்பு வந்த பூனையும் இவ்வளவையும் செய்யும். ஆனால் தரை நனையாது.

அடைத்தபின் உடலில் நடப்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில் சிறுநீர்ப்பை நிரம்பி, அடிவயிற்றில் கெட்டியான ஆரஞ்சுப் பழம் போலத் திரள்கிறது. சிறுநீரகங்கள் இரத்தத்தை வடிகட்டிக்கொண்டே இருக்கின்றன. போக்கிடம் இல்லாத நீரின் அழுத்தம் பின்னோக்கி ஏறிச் சென்று, அந்த வடிகட்டும் தொழிலையே நிறுத்திவிடுகிறது. வெளியேற வேண்டிய யூரியா முதலான கழிவுகள் இரத்தத்தில் தேங்குகின்றன. பூனை உண்பதை விடுகிறது, வாந்தி எடுக்கிறது. முழு அடைப்பு ஒரு நாளைக் கடந்தால் இந்த நிலை வந்துவிடும். இரண்டு மூன்று நாட்களில் உயிர் போய்விடும்.

ஆனால் உயிரைப் பறிப்பது யூரியா அன்று; பொட்டாசியம். இளநீரிலும் வாழைப்பழத்திலும் நாம் விரும்பி உண்ணும் அதே பொட்டாசியந்தான். உடலின் ஒவ்வோர் உயிரணுவும் பொட்டாசியத்தைத் தன் உள்ளே மிகுதியாகவும், வெளியே இரத்தத்தில் மிகக் குறைவாகவும் வைத்துக்கொள்கிறது. உள்ளுக்கும் புறத்துக்கும் உள்ள அந்த வேறுபாட்டில் பிறக்கும் மின்னழுத்தமே இதயத்தின் துடிப்புக்கு அடிப்படை. அடைப்பினால் புறத்தே பொட்டாசியம் ஏறஏற, வேறுபாடு குறைகிறது, துடிப்பு தளர்கிறது. மருத்துவரிடம் கொண்டுவரப்படும் பூனையின் இதயம், அச்சத்தினால் நிமிடத்துக்கு 180 அல்லது 200 முறை அடித்துக்கொள்வது வழக்கம். நீரடைப்போடு வந்த பூனையின் மார்பில் கருவியை வைத்து நான் 100 என்று எண்ணினால், அது அமைதியான பூனை என்று மகிழ்வதில்லை. ஊசியை எடுக்க ஓடுகிறேன்.

முதலில் நரம்பு வழியே கால்சியம் செலுத்துகிறோம். அது பொட்டாசியத்தைக் குறைப்பதில்லை. இதயத்துக்குச் சுமார் அரைமணி நேரக் காவலாக நிற்கிறது. அந்த இடைவேளையில் குளுக்கோசும் இன்சுலினும் கொடுத்துப் பொட்டாசியத்தை உயிரணுக்களுக்குள் திருப்பி அனுப்பலாம். நரம்பு வழியே நீரும் ஏற்றுகிறோம். பின்பு மயக்கமூட்டி, மெல்லிய குழல் ஒன்றை வெளிக்குழாயின் நுனியில் நுழைத்து, உப்புநீரைப் பீச்சி, அடைத்திருப்பதைப் பின்னே தள்ளிக் கரைக்கிறோம். பொறுமை வேண்டும் வேலை இது. முரட்டுக் கை குழாயைக் கிழித்துவிடும். வீட்டிலிருப்பவர் வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயல்வதோ அதனினும் கொடிது, பை வெடித்துவிடலாம்.

அடைப்பு நீங்கியதும் மற்றொரு வியப்பு. இதுவரை ஒரு துளியும் விடாத உடல், அடுத்த ஒன்றிரண்டு நாட்களில் அளவுக்கு மீறி நீரைக் கொட்டுகிறது. வெளியேறும் அளவை அளந்து, அதற்கு ஈடாக நரம்பு வழியே கொடுக்காவிட்டால், அடைப்பிலிருந்து பிழைத்த பூனை வறட்சியில் மடியும். சில கடுவன்களுக்கு அடைப்பு மீண்டும் மீண்டும் வரும். அவற்றுக்கு ஒடுங்கிய நுனிப்பகுதியை நீக்கி, அகன்ற பகுதியிலேயே புதிய வாயில் அமைக்கும் அறுவை முறை ஒன்று உண்டு. 1971-ஆம் ஆண்டில் வெளியான அம்முறையே இன்றளவும் பெரிதும் கையாளப்படுகிறது.

குழாயில் அடைத்திருப்பது யாது? கல் என்றே பலரும் எண்ணுகிறார்கள். கல்லும் இருப்பதுண்டு. ஆனால் பெரும்பாலும் நாம் காண்பது பற்பசை போன்ற ஒரு குழைவுதான்: பையின் சுவரிலிருந்து கசிந்த சளிபோன்ற புரதம், அதில் சிக்கிய நுண்ணிய படிகங்கள். சில பூனைகளில் அதுவும் இல்லை; வீக்கமும் தசையின் இறுக்கமுமே வழியை மூடிவிடுகின்றன.

இந்தப் படிகங்களின் கதை அறிவியல் பயிலும் உங்களுக்குச் சுவை தரும். பூனையின் நீரில் மிகுதியாகக் காணப்படும் படிகம் மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட்டு ஆகிய மூன்றும் சேர்ந்த உப்பு. அதன் பெயர் ஸ்ட்ருவைட். 1845-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஒரு தேவாலயத்துக்குக் கடைக்கால் தோண்டியபோது, பழைய எருமண்ணிலிருந்து இப்படிகம் வெளிப்பட்டது. ஸ்ட்ருவ என்ற அரசதந்திரி ஒருவர் பெயரை அதற்கு இட்டார்கள். அவர் கனிமங்களில் ஈடுபாடு உடையவர். தம் பெயர் பூனையின் சிறுநீர்ப்பையில் நிலைபெறும் என்று அவர் கனவிலும் கருதியிருக்கமாட்டார்!

1970-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் இந்நோய் முழுவதற்கும் ஒரே பெயர் சூட்டி, ஒரே காரணத்தைத் தேடினார்கள். உலர் தீவனத்தில் உள்ள சாம்பற்சத்தே காரணம் என்றனர் சிலர். பின்பு மக்னீசியமே குற்றவாளி என்றனர். மக்னீசியத்தை மிகுதியாகக் கொடுத்த பூனைகளுக்குக் கல் உண்டாகியது மெய். ஆனால் மற்றொரு சோதனையைக் கவனியுங்கள். மக்னீசியத்தை ஆக்சைடாகக் கொடுத்தால் சிறுநீர் காரத்தன்மை அடைகிறது. ஸ்ட்ருவைட் படிவதற்கு ஏற்ற நிலை உண்டாகிறது. அதே அளவு மக்னீசியத்தைக் குளோரைடாகக் கொடுத்தால் சிறுநீர் அமிலத்தன்மை அடைகிறது. அந்நிலையில் ஸ்ட்ருவைட் படிவதில்லை. ஆகவே மக்னீசியத்தின் அளவைக் காட்டிலும் சிறுநீரின் தன்மையே பெரிது என்பது வெளியாயிற்று. உடனே தீவனம் செய்வோர் மக்னீசியத்தைக் குறைத்து, சிறுநீரை அமிலமாக்கும் பொருள்களைச் சேர்த்தனர். ஸ்ட்ருவைட் கல் குறைந்தது. ஆனால் கால்சியம் ஆக்சலேட்டு என்னும் வேறொரு கல் பெருகியது! மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் சிறுநீர்க் கற்களை ஆராய்வதற்கென்றே ஒரு நிலையம் உண்டு. 1981-ஆம் ஆண்டில் அங்கு வந்த பூனைக் கற்களில் நூற்றுக்கு 78 ஸ்ட்ருவைட். ஆக்சலேட்டு 2 மட்டுமே. இருபது ஆண்டுகளுக்குள் ஆக்சலேட்டு ஸ்ட்ருவைட்டை முந்திவிட்டது. ஸ்ட்ருவைட் கல்லை உணவு மாற்றத்தினாலேயே கரைத்துவிடலாம். ஆக்சலேட்டுக் கல் கரையாது, எடுத்துத்தான் தீர வேண்டும். ஒரு பள்ளத்தை மூட மற்றொரு பள்ளம் தோண்டிய கதைதான்.

இத்தனைக்கும் பின்னர் ஓர் உண்மை எஞ்சி நின்றது. நீர்க்கடுப்போடு வரும் பூனைகளுள் பாதிக்கு மேற்பட்டவற்றில் கல்லும் இல்லை, கிருமியும் இல்லை, கட்டியும் இல்லை. பை வீங்கியிருக்கிறது, இரத்தம் கசிகிறது, காரணம் மட்டும் அகப்படவில்லை. இளம் பூனைகளில் கிருமியினால் இந்நோய் வருவது மிக அரிது. முதிய பூனைகளிலேதான் அதற்கு இடம் அதிகம். ஆயினும் நீரில் இரத்தம் கண்டவுடன் கிருமிக்கொல்லி மருந்து எழுதுவது மருத்துவர் பலருக்கும் கைப்பழக்கமாகிவிட்டது. மருந்து கொடுத்தால் ஐந்தாறு நாளில் பூனை தேறியும் விடுகிறது. கொடுக்காவிட்டாலும் அதே ஐந்தாறு நாளில் பெரும்பாலும் தேறிவிடும்! இந்த மயக்கத்திலிருந்து விடுபட எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

ஆகவே நோயைக் கண்டறிவது என்பது, இருக்கக்கூடிய காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வருவதே. முதலில் கையால் பையைத் தொட்டு, அடைப்பா கடுப்பா என்று தீர்மானிக்கிறோம். பின்பு வயிற்றுச் சுவர் வழியே மெல்லிய ஊசியைச் செலுத்திப் பையிலிருந்தே நீரை எடுக்கிறோம். வெளிவழியின் அழுக்கு அதில் கலவாது. அந்த நீரை உடனே நுண்ணோக்கியில் பார்த்துவிட வேண்டும். மேசைமேல் கிடந்து ஆறிய நீரில் படிகங்கள் தாமாகவே தோன்றும். பூனைக்கு இல்லாத நோயைக் கண்ணாடிச் சில்லில் காண நேரும். நலமுள்ள பூனையின் நீரிலும் சில படிகங்கள் இருப்பதுண்டு என்பதையும் மறக்கலாகாது. கல்லைத் தேட எக்ஸ்ரேயும் ஒலியலைப் படமும் இருக்கின்றன. எதிலும் ஒன்றும் அகப்படாதபோதுதான், காரணம் அறியாத பையழற்சி என்று எழுதுகிறோம்.

அந்தக் காரணம் அறியாத நோயில் வெளிச்சம் வந்த திசை வியப்பானது. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் என்ற அறிஞர் இத்தகைய பூனைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். நோய் பையில் தோன்றினாலும் அதன் வேர் பையோடு நிற்கவில்லை என்று அவர் கண்டார். அச்சமும் கலக்கமும் நேரும்போது உடலைத் தூண்டும் நரம்புகள் அப்பூனைகளில் அளவுக்கு மீறி இயங்குகின்றன; பையின் உட்சுவரைக் காக்கும் மெல்லிய பூச்சும் அவற்றில் குறைவாகக் காணப்படுகிறது. 2011-ஆம் ஆண்டில் அவரும் உடனாய்வாளரும் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நலமுள்ள 12 பூனைகளையும் நோயுற்ற 20 பூனைகளையும் 77 வாரம் கவனித்தார்கள். பராமரிப்பவர் மாறுதல், உணவு வேளை தவறுதல் போன்றவை நேர்ந்த வாரங்களில், நோயுற்றவை மட்டுமல்லாமல் நலமுள்ளவையும் உணவைக் குறைத்தன. தட்டுக்கு வெளியே கழித்தன. நமக்கு அற்பமாகத் தோன்றும் மாறுதல் பூனைக்கு அற்பமன்று.

இனி, வீட்டில் செய்யக்கூடியவை. பூனை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனையின் வழித்தோன்றல். இரையின் ஊனிலிருந்தே நீரைப் பெற்று, சிறுநீரை மிகவும் அடர்த்தியாக்கிக் கழிப்பது அதன் பிறவிக் குணம். ஓர் எலியின் உடலில் நூற்றுக்கு 70 பங்கு நீர். பொட்டலத்தில் வரும் உலர் தீவனத்திலோ 10 பங்கே. அந்தக் குறையை ஈடுசெய்யும் அளவுக்குப் பூனை தானாக நீர் குடிப்பதில்லை. எனவே ஈரமான உணவே நல்லது. வேகவைத்த மீனைக் கொடுத்தால் அந்த நீரையும் சேர்த்து ஊற்றுங்கள். உப்பும் மசாலையும் வேண்டா. ஆயினும் மீனையே முழு உணவாகக் கொண்டால் வேறு சத்துக் குறைகள் நேரும். பூனைக்கென்று சமைத்து அடைத்த ஈர உணவு பொருத்தமானது. வலிக்கு மருந்து கேட்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாரசிட்டமால் பூனைக்கு நஞ்சு. அதனை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஒரே மாத்திரையில் மாண்ட பூனைகள் உண்டு.

மற்றவை மருந்துக் கடையில் கிடைப்பவை அல்ல. இரண்டு பூனைகள் இருந்தால் மூன்று மணல் தட்டுகள். அவையும் வெவ்வேறு இடங்களில். ஏறி அமர உயரமான இடம். ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி. வேளை தவறாத உணவு. நாள்தோறும் சிறிது விளையாட்டு. தீபாவளி வெடிச்சத்தத்துக்குப் பின்னரும், வீட்டில் திருமணத்துக்கு உறவினர் கூடி இருந்த நாட்களுக்குப் பின்னரும் கடுவன்கள் என்னிடம் வருவதைக் கண்டிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலையில், கல்லூரி மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். "ஐயா, எங்கள் கடுவன் இரவு பத்து மணியிலிருந்து பதினொரு முறை மணல் தட்டுக்குப் போய்விட்டது. ஒரு முறைகூட மணல் நனையவில்லை" என்றாள். மலச்சிக்கல் என்று அவள் சொல்லவில்லை. எந்த நோயின் பெயரையும் சொல்லவில்லை. கண்டதை எண்ணிச் சொன்னாள். உடனே கொண்டுவருமாறு சொன்னேன். பை கெட்டித்திருந்தது, ஆனால் இதயம் 190 அடித்துக்கொண்டிருந்தது. குழலை நுழைத்துக் கழுவி, மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினேன்.

அதன்பின் அவளிடம் வீட்டைப் பற்றிக் கேட்டேன். அடுக்குமாடி வீடு, ஒரே தட்டு, அது துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் இருந்தது. இயந்திரம் சுழலத் தொடங்கினால் பூனை குந்தியது பாதியில் எழுந்து ஓடுமாம். தட்டைப் படுக்கையறை மூலைக்கு மாற்றினார்கள். மற்றொன்றைக் கூடத்தில் வைத்தார்கள். உலர் தீவனம் ஈர உணவாக மாறியது. மாதம் ஒருமுறை பூனையை என்னிடம் காட்ட வந்தபோதெல்லாம், அவள் தன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தையும் காட்டுவாள். நாள்தோறும் ஒரு வரி. ஆறாம் மாதத்தில் நான் பார்த்த கடைசி வரி இது: "இன்று மூன்று முறை. மூன்று முறையும் மணல் நனைந்தது."